ராணி ஜோடியும் உன் பெயரும்

மகனே,

உன் பெயரை வைத்தது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து வருகிற பொறுமை எனக்குக் கிடையாது. என்னிடம் ராணி ஜோடி இருந்தது, துணைக்கு ஆஸும் இருந்தது. பந்தயம் கட்டியிருக்க வேண்டிய இடத்தில் கட்டாமல் ஜமுக்காளத்தைத் தட்டிவிட்டேன். உன் பெயர் என் கையை விட்டுப் போனது. இப்போது நீ என் பக்கத்தில் கவிழ்ந்து படுத்து, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும், வேலைக்கோ படிப்புக்கோ பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். அதுவரை காத்திருந்து நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் போன வாரம் சோழபுரத்திலிருந்து உன் அம்மாவின் சித்தப்பா வந்திருந்தார். அவர் சொன்ன கதையில் நான் தோற்ற ஆத்திரத்தில் சீட்டுக்கட்டைக் கிழித்து எறிந்தேனாம். அவர் அந்த மாடிக்கே வரவில்லை. அன்றைய கல்யாணப் பெண்ணைப் பெற்றவர், கீழே பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். இப்படியே விட்டால் நீ வளர்வதற்குள் நான் உன்னையே பந்தயம் வைத்தேன் என்றாகிவிடும். அதற்கு முன்னால் நானே எழுதி வைக்கிறேன். வேறு யாருக்காவது உதவினாலும் சரி, படித்துக்கொள்ளட்டும்.

நீ பிறந்து மூன்று மாதம் ஆகியும் உனக்குப் பெயர் இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. நான் என் அப்பா பெயரைக் கேட்டேன்: சண்முகவேல். இராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தார். நான் படித்து முடித்து இன்னொரு மில்லில் என்ஜினியராகச் சேர்ந்த வருடமே போய்விட்டார். முதல் பேரனுக்கு அவர் பெயரைக் கேட்டது அநியாயமா? ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் அம்மாவைப் பெற்ற தாத்தாவிடம் வேறு கணக்கு இருந்தது. நீ வயிற்றில் இருந்தபோது, ஐந்தாம் மாதம், உன் அம்மாவுக்கு உதிரம் பட்டது, படுத்த படுக்கையானாள். தேவதானத்தில் அவர்களுக்கு வயல் இருக்கிறதல்லவா, அந்த வயலுக்கு மேற்கே இருக்கிற அய்யனாரிடம் போய் நின்று, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அய்யனார் என்ற பெயரையே வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. நீ பிறந்து, நான் என் அப்பா பெயரைச் சொன்ன அன்றுதான் வாயைத் திறந்தார்.

"சாமிகிட்டச் சொன்ன சொல்லு மாப்ள. மாத்த முடியாது."

"சாமிகிட்டச் சொல்லும்போது என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா?"

நான் கேட்டது சரியான கேள்விதான். கேட்ட விதம் சரியில்லை என்று உன் அம்மா இன்றுவரை சொல்கிறாள். அன்றோடு அவர் என்னுடன் பேசுவதை நிறுத்தினார். நான் மில்லில் வேலை முடித்து, பஸ் பிடித்து உன்னைப் பார்க்க அந்த வீட்டுக்கு வந்தால், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். நான் திரும்பியதும் உள்ளே வருவார். என் அம்மா அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். பெயர் வைக்க இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் கைவிட்டார்கள். உன்னை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய உன் அம்மா, பெயர் முடிவாகாமல் எந்த வாசலைத் தாண்டுவது என்று தெரியாமல் அங்கேயே இருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்.

இந்த நிலையில்தான் சோழபுரத்துச் சித்தப்பா மகள் கல்யாணம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டிச் சாப்பிட்டு முடிந்ததும், மறுவீட்டுக்கு வேன் கிளம்பும்வரை, ஆண்களில் ஒரு கூட்டம் மாடிக்கு ஏறி ஜமுக்காளத்தை விரித்துச் சீட்டுப் போடும். எப்போதும் ரம்மிதான். அன்றைக்குப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த உன் தாய்மாமா போக்கர் ஆடலாம் என்றார். காசு வைத்தால் நான் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் சமையல் ஆளிடம் போய் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை வாங்கி வந்தார். ஆளுக்குச் சமமாக எண்ணி வைத்தார். பிறகு என்னையும், எதிர்ப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த உன் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டே திரியுதீக. அங்க பிள்ளையக் குட்டி குட்டின்னு நாய்க்குட்டியக் கூப்பிடுத மாதிரி கூப்பிடுதோம். இன்னிக்கு முடிச்சிருவோம். கடைசியில யாரு முன்னால கொட்டை நிக்குதோ, அவுக சொல்லுத பேரு. பொறவு ஒருத்தரும் மூச்சு விடப்படாது. சம்மதமா?"

எல்லோரும் சிரித்தார்கள். உன் தாத்தா சிரிக்கவில்லை. வேட்டியை இழுத்துவிட்டுச் சம்மணம் போட்டு, "சீட்டப் போடு" என்றார். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று உனக்கு மறைக்காமல் சொல்கிறேன்: ஜெயித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அந்த மாடியில் இருந்த அத்தனை பேரும் ரம்மிக்காரர்கள். ரம்மியில் நல்ல சீட்டு வந்தால் மூச்சுக்காட்டாமல் வைத்திருந்து, கடைசியில் ஒரேயடியாக விரித்துக் காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தோடு போக்கருக்கு வருகிறவன் நல்ல ஜோடியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தே செத்துப்போவான். எனக்கு அது இனிப்பாக இருந்தது.

அப்போதுதான் உன் அம்மா படியேறி வந்தாள். உன்னை, கல்யாணத்துக்கு மட்டும் வந்திருந்த என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எங்களைத் தேடி வந்தவள், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஏட்டி, ஆம்பளைக இருக்க இடத்துல உனக்கு என்ன வேலை?" என்றார் உன் தாய்மாமா.

"என் பிள்ளை பேர வச்சு ஆடுத இடத்துல எனக்கு வேலை இல்லாம யாருக்கு வேலை? பெத்தவ நான். வயித்தக் கிழிச்சுத் தச்சுக்கிட்டவ நான். தள்ளி உக்காரு. எனக்கும் கொட்டைய எண்ணி வை."

உன் தாய்மாமா என்னைப் பார்த்தார். நான் தாத்தாவைப் பார்த்தேன். தாத்தா தன் கொட்டைகளைப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கல்யாணமான புதிதில், இராஜபாளையத்து வாடகை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர்கள் பார்க்காமல். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு முறை திறந்த பிறகும் நீ கொட்டையைக் கட்டலாம். கட்டாமல் தட்டிவிட்டு அடுத்தவனுக்கு விடலாம், அதற்குச் செக் என்று பேர். ஒருவர் கட்டினால் மற்றவர் அதற்கு ஈடு வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட வேண்டும். போட்டி ஆட்டத்தில் கொட்டை தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி வாங்க முடியாது. நேரம் ஆக ஆகக் கட்டாயமாக வைக்க வேண்டிய கொட்டையும் கூடிக்கொண்டே போகும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் கரைந்துபோவாய்.

இதில் எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்றுதான். ஒன்றுமில்லாத கையை ஆடுவது சுலபம், போட்டுவிடலாம். அசைக்க முடியாத கையை ஆடுவதும் சுலபம். நல்ல ஜோடி ஒன்று வருகிறதே, ஜெயிக்கிற மாதிரியும் இருக்கும், தோற்கவும் வழி இருக்கும், அதுதான் கழுத்தைப் பிடிக்கும். அதற்கு ஒரு கேள்வி இருக்கிறது: நான் கட்டினால் என்னைவிடச் சின்னக் கை வைத்திருப்பவன் ஈடு வைப்பானா? வைப்பான் என்றால் கட்டு. சின்னவன் ஓடிவிடுவான், பெரியவன் மட்டும்தான் ஈடு வைப்பான் என்றால் தட்டிவிடு. மில்லில் நூல் சுற்றுகிற இயந்திரத்தில் தடிப்பு வந்தால் வெட்டுகிற கருவி ஒன்று உண்டு. அதற்கு அளவு வைப்பது என் வேலை. சிறிய தடிப்புக்கெல்லாம் வெட்டினால் நாள் முழுக்க முடிச்சு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுவிட்டால் துணி கெடும். நூலைப் பார்த்துத்தான் அளவு வைக்கிறேன். சூப்பர்வைசர் என்ன நினைப்பார் என்று பார்த்து வைப்பதில்லை.

ஒவ்வொருவராகக் கழன்றார்கள். உன் தாய்மாமாவை உன் அம்மா வெளியேற்றினாள். "தங்கச்சின்னு நம்பி வந்தேம்லா" என்று மண்டபமே கேட்கிற மாதிரி புலம்பினார். கடைசியில் நான், உன் தாத்தா, உன் அம்மா. கீழே வேன் வந்து நின்று ஒரு முறை ஹாரன் அடித்தது. எனக்கு இரண்டு ராஜா வந்தது, உன் அம்மா சீட்டைப் போட்டுவிட்டாள். நடுவில் ஒன்பது, ஆறு, இரண்டு. இதைவிடப் பத்திரமான நடுச்சீட்டு இல்லை. உன் தாத்தா போடுகிற ஆள் இல்லை, பார்த்துவிடுவோம் என்கிற ஆள். நான் கட்டினேன். ஈடு வைத்தார். அடுத்த சீட்டு திறந்தது, இன்னும் அதிகமாகக் கட்டினேன். என் முகத்தைப் பார்த்தார். மூன்று மாதம் கழித்து அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, மெரட்டுதீகளா?"

"இல்ல மாமா. கையில இருக்கு."

உண்மையைத்தான் சொன்னேன். நம்பவில்லை. கடைசிச் சீட்டுக்குப் பிறகு மீதியிருந்த எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். நான் ராஜாக்களைத் திறந்தேன். அவரிடம் ஒன்பதில் ஒரு ஜோடி. சின்னக் கை ஈடு வைத்தது. நான் கட்டியது சரி. பாடப்புத்தகத்தில் போடலாம். ஆனால் அவர் எழுந்த விதம் எனக்கு மறக்காது. துண்டை உதறித் தோளில் போட்டவர், கீழே இறங்காமல், ஜன்னல் பக்கம் போய் மேற்கே, அய்யனார் இருக்கிற மலைப் பக்கம் பார்த்து நின்றார். "நான் அங்க போயி என்னன்னு சொல்லுவேன்" என்றார். எங்களிடம் சொல்லவில்லை. மாடியில் சிரிப்பு அதோடு நின்றது. அதுவரைக்கும் அது ஆட்டமாக இருந்தது. பிறகு யாருக்கும் அது ஆட்டமாக இல்லை.

இப்போது நானும் உன் அம்மாவும் மட்டும். இருவர் முன்னாலும் ஏறக்குறைய ஒரே அளவுக் குவியல், அவளுடையது ஒரு பிடி கூட. எனக்கு ஆஸும் ராணியும் வந்தன. கொஞ்சம் ஏற்றிக் கட்டினேன், ஈடு வைத்தாள். நடுவில் ராணி, எட்டு, ஐந்து. எனக்கு ராணி ஜோடி, துணைக்கு ஆஸ். அவள் தட்டினாள். நான் கட்டினேன். ஈடு வைத்தாள். நான்காவது சீட்டு ஒரு இரண்டு. யாருக்கும் உதவாத சீட்டு. அவள் மறுபடி தட்டினாள். தட்டிவிட்டு என் கையைப் பார்த்தாள். முகத்தை இல்லை, கையை.

அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. எனக்கு நல்ல கை வந்தால் காத்திருக்க முடியாது, உடனே கட்டிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இப்போது கட்டினால் போட்டுவிட்டுத் தப்பித்துவிடுவாள், தட்டினால் என்னிடம் ஒன்றும் இல்லை என்று நம்பிக் கடைசியில் மாட்டுவாள் என்று ஒரு கணக்கு ஓடியது. என் அப்பா பெயர் அந்த ஜமுக்காளத்தில் கிடந்தது. மாமா ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தார். கீழே இரண்டாவது ஹாரன்.

"கட்டுதீகளா, தட்டுதீகளா? வேன்காரன் வையுதான்" என்றாள்.

தட்டினேன்.

ஐந்தாவது சீட்டு ஒன்பது. அவள் ஒரு பெரிய குவியலை உள்ளே நகர்த்தினாள். அங்கேயாவது நின்று யோசித்திருக்க வேண்டும். ஈடு மட்டும் வைத்துவிட்டுப் பார்த்திருக்கலாம். தோற்றாலும் கையில் கொஞ்சம் நின்றிருக்கும். நான் இருந்ததை எல்லாம் தள்ளினேன். நான் தள்ளிய கை நன்றாகவே இருக்கட்டும், அதற்கு ஈடு வைக்கிறவள் யார்? என்னை ஜெயிக்கிறவள் மட்டும்தான். கட்ட வேண்டிய இடத்தில் தட்டினேன், தட்டுகிற புத்தி வேண்டிய இடத்தில் கட்டினேன். அவள் உடனே ஈடு வைத்தாள். ஆறும் ஏழும். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. வரிசையாக வந்த ஐந்து சீட்டு எந்த ஜோடியையும் அடிக்கும். என் ராணிகள் பக்கத்தில் கிடந்தன.

அன்று வீட்டுக்கு வந்ததும் இதை அவளிடம் விளக்கினேன். நான்காவது சீட்டில் நான் கட்டியிருந்தால் அவள் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த சீட்டை ஓசியில் பார்த்துவிட்டாள் என்றேன். "நீங்க கட்டியிருந்தாலும் நான் போட்டிருக்க மாட்டேன். ஒன்பது வந்துதான் இருக்கும்" என்றாள். அதாவது சரியாக ஆடியிருந்தாலும் தோற்றிருப்பேன். இருக்கட்டும். ஆறு தடவை ஆடினால் ஐந்து தடவை அந்தச் சீட்டு வராது. அந்த ஐந்து தடவையும் அவள் விலை கொடுத்திருப்பாள். முடிவை வைத்து நீ செய்ததை எடைபோடாதே. நான் தட்டியது தோற்றதால் தப்பு இல்லை. சீட்டைப் பார்த்துத் தட்டாமல், பெண்டாட்டி என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று பார்த்துத் தட்டினேன், அதனால் தப்பு. ரம்மிக்காரர்கள் என்று அத்தனை பேரையும் ஏளனம் செய்தவன், நல்ல ஜோடியைப் பொத்தி வைத்துக் கடைசியில் விரிக்கப் பார்த்தேன். நீ பெண் பார்க்கும்போதும், சம்பளம் பேசும்போதும், வீட்டில் சண்டை வரும்போதும் இதே இடம் வரும். கையில் இருப்பதைப் பார். எதிரில் இருப்பவர் எதற்கு ஈடு வைப்பார் என்று பார். அவர் உன்னை யார் என்று நினைக்கிறார் என்பதைத் திருத்தப் போகாதே. அதற்கு அது நேரம் இல்லை.

சரி, மாடிக்கு வருகிறேன். உன் அம்மா ஜெயித்த கொட்டைகளைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டாள். கீழே போய் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே என் அம்மாவும் வந்தாள். நேராக ஜன்னலுக்குப் போய் உன்னை உன் தாத்தா கையில் கொடுத்தாள்.

"இவன் பொறந்த அன்னிக்கு மலை மேல மேகம் கருக்கலாக் கட்டி நின்னுச்சு. ஆஸ்பத்திரி ஜன்னல்ல அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அன்னிக்கே நெனச்ச பேரு. முகிலன். ஒருத்தரும் கேக்கல, நானும் சொல்லல. செத்தவுக பேரும் வேண்டாம், நேந்துக்கிட்ட பேரும் வேண்டாம். அவனுக்குன்னு ஒரு பேரு. அப்பா, நீங்க வலது காதுல மூணு தடவை சொல்லுங்க. நீங்க இடது காதுல சொல்லுங்க" என்று கடைசியில் என்னைப் பார்த்தாள்.

உன் தாத்தா உன்னைப் பார்த்தபடி நின்றார். மூன்றாவது ஹாரன் அடித்து ஓய்ந்தது. அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு குடும்பமும் அங்கேயே பிரிந்திருக்கும். உன் அம்மா தனியாக உன்னைத் தூக்கிக்கொண்டு எந்தப் படியில் இறங்கியிருப்பாளோ தெரியாது. பிறகு குனிந்தார். நானும் இந்தப் பக்கம் குனிந்தேன். மூன்று மாதமாக ஒரு கூரைக்கடியில் நிற்காத இரண்டு தலை, நடுவில் உன் தலை. அவர் மீசை என் நெற்றியில் உரசியது.

"முகிலன்," என்றார். நானும் சொன்னேன். "முகிலன்." நானும் சொன்னேன். மூன்றாவது தடவை அவர் குரல் இறங்கி, உதடு மட்டும் அசைந்தது. முகிலன் என்று சொல்ல உதடு குவிய வேண்டும். அவர் உதடு குவியவில்லை, விரிந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என் பங்குக்கு மூன்றாவது தடவை, உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சண்முகவேல் என்றேன். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"வாங்க மாப்ள, வேன் போயிரும்" என்றார்.

நகராட்சியில் உன் பெயர் முகிலன் என்று ஏறிவிட்டது. எனக்கு அந்தப் பெயர் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. ஒரு இடத்தில் நிற்காத பொருளின் பெயரை ஒரு ஆளுக்கு வைக்கலாமா என்று ஒரு என்ஜினியருக்குத் தோன்றாமல் இருக்காது. ஆனால் அப்படிக் கூப்பிட்டால் நீ தலையைத் திருப்பிப் பார்க்கிறாய். உன் தாத்தா என்னோடு உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். உன் வலது காதிலும் இடது காதிலும் போனதை அவரும் நானும் இதுவரை யாருக்கும் காட்டவில்லை. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் உன் அம்மா படிப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். தட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். முகிலா, இந்தத் தடவை கட்டிவிட்டேன். அவள் என்ன வைக்கிறாள் என்று பார்க்கிறேன்.